அவிழ்க்காத துணி

"அந்தத் துணியக் கழட்டுங்கம்மா" என்றார் டொக்டர் மஸீஹா.

புஷ்பவதி இரண்டு கையாலும் துணியைப் பிடித்துக்கொண்டாள். இரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தொழிற்சாலையின் தூள் சலிக்கும் அறையில் பதினெட்டு வருஷம் தூசுக்காக மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிய துணி அது. நெஞ்சு கெட்டு வேலையை விட்டு மூன்று வருஷமாகியும் அவள் அதை அவிழ்க்கவில்லை. "சலிப்பறை மகாராணி வாறாங்க" என்று லயத்துப் பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் துணிக்குள்ளேயே சிரித்துக்கொள்வாள்.

இந்த வருஷம் மூன்றாம் தடவையாக மூச்சு முட்டி மாத்தளையில் வார்டில் கிடந்து, இன்றுதான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

துணி விலகியதும் நாற்றம் அவளுக்கே அடித்தது. டொக்டர் முகம் சுளிக்கவில்லை. அதுதான் இன்னும் கூசியது. ஈறை அழுத்திய இடத்தில் சீழும் இரத்தமும் வந்தன.

"எவ்வளவு காலமா இப்படி?"

"அஞ்சாறு வருஷம் இருக்குங்க. வலிச்சா பொகயிலத் துண்ட அடக்கிக்குவேன்."

"தூசியால நெஞ்சு முந்தியே பழுது. வாயில இருக்கிற கிருமியும் மூச்சோட உள்ள எறங்கும். அடிக்கடி முட்டுறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். பல் கிளினிக்குக்குக் கடிதம் தாரன். பொகயிலய விடுங்க."

"எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிறாதீங்க."

"நான் சொல்ல மாட்டன். நீங்க சொல்லுங்க."

வெளியே வாங்குப் பலகையில் பையை மடியில் வைத்துக்கொண்டு கணவர் பொன்னையா காத்திருந்தார்.

"என்னவாம்?"

"தூசிதானாம்."

"நான் பீடிய விட்டுட்டேன்னு சொன்னியா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம் அவர் ஆசையாக அருகில் வந்தபோது, வாய் நாற்றம் தெரிந்துவிடுமோ என்று பயந்து தள்ளிவிட்டாள். "ஒங்க பீடிப் பொகதான் என் மூச்ச அடைக்குது." பீடிப் புகை அவள் நெஞ்சுக்கு ஆகாதுதான். ஆனால் அவள் தள்ளியது அதற்காக அல்ல. மறுநாளே பீடிக்கட்டை அடுப்பில் போட்டுவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு வாசல் திண்ணைக்கு, இஸ்தோப்புக்குப் போனவர், மழைச்சாரலிலும் அங்கேயே படுக்கிறார். பார்ப்பவர்களிடமெல்லாம், "நான் ஊதினது அவ நெஞ்சுல போய்க் கெடக்கு" என்கிறார். ஒரு தடவைகூட அவள் மறுத்துச் சொன்னதில்லை.

நாட்டில் யுத்தம் மறுபடி தொடங்கியிருந்த வருஷம் இது. வீட்டுக்குப் போகும் வழியில், டவுனைத் தாண்டியதும் இராணுவத்தினர் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய், துணியைக் காட்டி அவிழ்க்கச் சொன்னான். சீக்காளி ஐயா என்று பொன்னையா சிங்களத்தில் கெஞ்சினார். அவன் கேட்கவில்லை.

பொன்னையா குடையை விரித்தார். வரிசையில் நின்றவர்கள் கண்ணுக்கு அவளை மறைத்துப் பிடித்துக்கொண்டு, தானும் மலைப்பக்கம் திரும்பி நின்றார்.

அவள் அவிழ்த்தாள். சிப்பாய் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். மூச்சு அவன்மேல் பட்டிருக்க வேண்டும். அரை எட்டு பின்னால் போய் அட்டையை நீட்டினான்.

"கட்டிக்கிட்டியா?" என்றார் பொன்னையா, திரும்பாமலே.

யாரென்று தெரியாதவனுக்குக் காட்டியாயிற்று. இவரோ முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. துணியைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, அது பீடி இல்லீங்க."

"என்ன சொல்ற?"

"இங்கிட்டுத் திரும்புங்க."

டிரைவர் ஹோர்ன் அடித்தான். பொன்னையா திரும்பினார். அவரோடு குடையும் திரும்ப, நிழல் விலகி, அவள் திறந்த வாயில் வெயில் விழுந்தது.