ஏழாம் எண் கண்ணாடி

ஒரு சுவரைக் காப்பாற்றிய பெருமை எனக்கு உண்டு. லேவண்டர் வட்டாரத்தில் ஒரு பழைய நெசவாலையைக் குடியிருப்பாக மாற்றுகிறார்கள். உள்ளே இருந்ததையெல்லாம் இடித்தாகிவிட்டது. முன்சுவரும், ரம்பப்பல் போன்ற கூரையில் ஒரே ஒரு பல்லும்தான் பாக்கி. பார்த்தால் எழுபது வயதுக்காரர் வாய்திறந்து சிரிப்பது மாதிரி இருக்கும். ஆனால் அதில் ஒரு செங்கல்லைக்கூட யாரும் தொட முடியாது. பாதுகாக்கப்பட்ட கட்டடம்.

அந்தக் கூரையின் கண்ணாடிச் சன்னல்கள் வடக்கு பார்த்தவை. வெயில் படாத வெளிச்சத்தில் தறி ஓடட்டும் என்று, யாரோ ஒரு குளிர்நாட்டு வரைபடத்தை அப்படியே இங்கே இறக்கிவைத்திருக்கிறார்கள். இங்கே பாதி வருடம் சூரியனே வடக்கில்தான் இருக்கும். நெசவாளர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டே நெய்திருப்பார்கள். இந்தத் தவற்றை ‘அரிய கட்டடக்கலைச் சான்று’ என்று இருபது பக்கம் எழுதியவன் நான். பெயர் மயூரன். பாரம்பரியக் கட்டட ஆலோசகர். அம்மா சொந்தக்காரர்களிடம் ‘ஆர்க்கிடெக்ட் மாதிரி’ என்று சொல்வார்.

சுவரில் பதினொரு விரிசல்கள். ஒவ்வொன்றின் குறுக்கேயும் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைக் காரைவைத்து ஒட்டி, மேலே எண் எழுதியிருந்தேன். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். சென்சார் வர இரண்டு மாதம் ஆகும் என்றபோது, “அதுவரைக்கும் கண்ணாடி போதும்லா” என்ற புத்திசாலியும் நான்தான்.

எட்டு வாரம். எட்டு அறிக்கை. எட்டிலும் ‘அசைவு இல்லை’. தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்து எழுதியவை.

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பெரிய மனிதர்கள் வந்து சுவரில் கல்வெட்டுத் திறப்பதாக இருந்தது. நான் பதினொன்றரைக்கே போய்விட்டேன். சுவரைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டேன். என் பெயர் கல்வெட்டில் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். என் பெயரே அதில் இல்லை. அந்த வருத்தத்தில் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

எல்லாவற்றிலும் எட்டு வாரத்துச் செம்புழுதி அப்பியிருந்தது. எண்ணைப் படிக்கவே விரலால் துடைக்க வேண்டியிருந்தது. ஏழாம் எண் மட்டும் பளபளவென்று இருந்தது. அதில் என் முகம் தெரிந்தது.

அருகில் புதுக்கோட்டைக்காரர் ரகுபதி கலவை குழைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக் கொத்தனார், அதிகம் பேசமாட்டார்.

“இதை யாருண்ணே துடைச்சது?”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “துடைக்கல சார். மாத்தினேன்.”

“என்னத்த மாத்தினீங்க?”

“உடைஞ்சு கிடந்துச்சு. ஸ்டோர்ல நீங்க வச்ச பெட்டியில வேற இருந்துச்சு. அதே மாதிரி ஏழுன்னு எழுதி ஒட்டிட்டேன். நான் உடைக்கல சார், சத்தியமா. ஆனா இந்த இடத்துல வேலை பாக்குறது நான்தானே?”

“உடைஞ்சா என்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“நீங்கதான சார் சொன்னீங்க. உடைக்கிறவனுக்கு அன்னைக்கே வேலை பெர்மிட் கேன்சல், மறுநாள் காலையில திருச்சி ஃபிளைட்டுன்னு.”

சொல்லியிருந்தேன். கண்ணாடி ஒட்டிய அன்று, காலைக் கூட்டத்தில். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் சிரித்தாரா இல்லையா என்று மேடையிலிருந்து யார் பார்க்கிறார்கள்?

“எத்தனை தடவை மாத்தினீங்க?”

“நாலு தடவை சார். மொத கண்ணாடி நாலு வாரம் தாங்குச்சு. அடுத்தது ரெண்டு வாரம். அப்புறம் ஒரு வாரம். அப்புறம் நாலு நாள்.” கண்ணாடியைக் காட்டினார். “இது நேத்து சாயங்காலம் ஒட்டினது.”

கண்ணாடியை மறுபடி பார்த்தேன். இடது ஓரத்தில் நகக்கீறல் போல ஒரு கோடு. கீழே, விரிசலின் வாயிலிருந்து சிவப்புப் பொடி இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ அவசரமில்லாமல் மிளகாய்த்தூள் தூவுவதுபோல.

சாப்பாட்டு மணி அடித்தது. மதியத்தில் அந்த இடத்தில் நிழல் என்பது கூரையின் ஒற்றைப் பல்லுக்கு அடியில்தான். நாற்பது பேர் பார்சலைப் பிரித்துக்கொண்டு ஏழாம் எண்ணுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார்கள்.

குவீன்ஸ்டவுன் அலுவலகத்தில் இருந்த திட்ட மேலாளர் சுதாவுக்கு ஃபோன் செய்தேன்.

“சுவர் நகருது சுதா. ஃபங்ஷனை நிறுத்து.”

“மயூ, விளையாடாத. எட்டு வாரமா நோ மூவ்மென்ட்னு எழுதினது நீ.”

“அது தப்பு.”

“எது தப்பு? அன்னைக்கு எழுதினதா, இன்னைக்குச் சொல்றதா?” அவள் மூச்சு விடுவது கேட்டது. “எஞ்சினியரைக் கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் வாயத் திறக்காத.”

திறந்தேன். “எல்லாரும் எழுந்திரிங்க! வெளிய போங்க! சுவர் விழப்போகுது!”

நாற்பது தலைகள் நிமிர்ந்தன. பிறகு சிரிப்பு. “மெல்லப் பேசுங்க பாஸ், சுவருக்கு கேட்டுடப் போகுது” என்றார் சூப்பர்வைசர் ஆரிஃப், கோழியைக் கடித்தபடி. இன்னொருவர், “சாம்பார் முடியட்டும் சார், அப்புறம் விழச்சொல்லுங்க” என்றார். நான் கத்தக் கத்தச் சிரிப்பு கூடியது. இத்தனை வருடம் எல்லோரையும் சிரிக்கவைத்ததில் எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அன்று ஒருவரைக்கூடச் சிரிப்பை நிறுத்தவைக்க முடியவில்லை. ஆரிஃபின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் சோறு சிந்தியதற்குக் கோபித்தார்.

ரகுபதி எனக்கு முன்னால் வந்து நின்றார். கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“ஏழாம் நம்பர் கண்ணாடி நாலு தடவை உடைஞ்சுது. நான்தான் மறைச்சு மறைச்சு வேற ஒட்டினேன். சார் காமெடி பண்ணல. எந்திரிங்கடா!”

சிரிப்பு நின்றது. அவர் சத்தம்போட்டு யாருமே கேட்டதில்லை. ஆரிஃப் அவரைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், பார்சலை மூடினார். அடுத்த இரண்டு நிமிடத்தில் நாற்பது பேரும் சாலைக்கு அந்தப் பக்கம், நடைபாதையில், வெயிலில்.

அரை மணி நேரம் நின்றோம். சுவர் விழவில்லை. விழாவிட்டால் என்னை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் விழக்கூடாது என்றே வேண்டிக்கொண்டேன். எனக்கு அந்தச் சுவரைப் பிடிக்கும்.

டாக்சியிலிருந்து சுதா இறங்கினாள். பின்னால் வந்த எஞ்சினியர் தொலைநோக்கியை எடுத்துச் சுவரைப் பார்த்தார், உடனே போலீசுக்கு ஃபோன் செய்து சாலையை மூடச்சொன்னார்.

ஏழாம் எண் நான்கு முறை மாறியதைச் சொன்னதும் சுதா என் பக்கம் திரும்பினாள். “எப்படித் தெரியாமப் போச்சு? கண்ணாடியை யார் மாத்தினது?”

நாற்பது பேரும் பார்சலைப் பார்த்தார்கள். ரகுபதி வாயைத் திறந்தார். ஆரிஃப் அவர் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திணித்து, “குடிங்கண்ணே, மொதல்ல குடிங்க” என்றார்.

“நான்தான் மாத்தினேன்” என்றேன்.

சுதா என் முகத்தையே பார்த்தாள். சிரிப்பு எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினாள் போல.

சாலைக்கு அப்பால், கூரைப் பல்லின் வடக்குச் சன்னல் ஒன்று சட்டத்தோடு மெல்லச் சாய்ந்தது.

“இன்னும் பின்னாடி போங்க” என்றார் எஞ்சினியர், திரும்பிப் பார்க்காமல்.