ரொட்டி வேனுக்குள் வெயில்

இருசப்பன் வாங்கிய வேன் அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ரொட்டி ஏற்றியது. தட்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பலகை அடித்துப் படுக்கை போட்டான். ஜன்னலுக்கு மனைவி லீலாவதியின் பழைய சேலை. கதவோரம் மண்ணெண்ணெய் அடுப்பு.

கெர்லிங் பக்கத் தோட்டத்தில் அவன் லோரி ஓட்டினான்; அவள் முப்பத்தொரு வருஷம் விடியுமுன் எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். எண்பத்து நான்காம் வருஷம் இருவருக்கும் வேலை முடிந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டைத் தோட்டம் திரும்ப எடுத்துக்கொண்டது. ராவாங்கில் மகன் ஓர் அறை ஒதுக்கியிருந்தான். இருசப்பனுக்கு அங்கே போக மனமில்லை. வேனிலேயே ஊர் ஊராகப் போய்க் காலத்தைக் கழிக்கலாம், முதலில் கடலோரம் பாசிர் பெனம்பாங் என்றான்.

லீலாவதி ஒரே ஒரு பேச்சு பேசினாள்.

"பாசிர் பெனம்பாங் போயி சேர்றதுக்குள்ள, வெயில் மூஞ்சில அடிக்கிற வரைக்கும் ஒரு நாளாவது நான் தூங்கணும். தூங்கிட்டா வேன்லயே இருக்கேன். இல்லன்னா வித்துட்டு மகன் வீட்டுக்குப் போயிடுவோம்."

"அவ்வளவுதான லா! வெயில் ஏறுனா இந்தத் தகரத்துலேருந்து ரொட்டி வாசம் வரும் புள்ள. மோந்து பாரு, அப்புறம் எறங்கவே மாட்ட."

மூன்று நாள் ஓடியது. கோயில் குழாயில் குளித்தார்கள். கண்ணாடியில் கைலி காய்ந்தது. மழையில் கதவைச் சாத்திக்கொண்டு நெத்திலி பொரித்து, புகையில் இருவரும் கண்ணைக் கசக்கினார்கள். வேன் ஓடும்போது சட்டிகள் முனகும். அவள் பின்னால் படுத்தபடி ஜன்னலைப் பார்ப்பாள். முப்பத்தொரு வருஷம் மரங்கள் நின்றன, அவள் நடந்தாள். இப்போது அவள் கிடந்தாள், மரங்கள் நடந்தன.

ஆனால் விடியுமுன்னே கண் விழித்துவிடும். மூன்று நாளும் அவளே அடுப்பைப் பற்றவைத்தாள்.

நான்காம் நாள் மாலை ஈஜோக் தாண்டி, ஒரு ரப்பர் காட்டோரம் மரத்தடியில் வண்டியை நிறுத்தினார்கள். மறுநாள் கடல். மரங்களுக்குப் பின்னால் லயம் இருந்ததை இருசப்பன் கவனிக்கவில்லை.

விடியற்காலை தண்டவாளத் துண்டை அடிக்கும் சத்தம் கேட்டது. வேலைக்குமுன் பேர் படிக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் அதே சத்தம்.

லீலாவதி எழுந்தாள். தலைத்துணியைக் கட்டினாள். பனிக்குள் விளக்குகள் மிதந்து போயின. அவற்றின் பின்னால் கால்கள் தாமாகப் போயின. ஆட்கள் நின்ற வரிசை தெரிந்தது. போய் நின்றாள். கங்காணியான மண்டோர் பேர் படித்தார். வேலம்மா, திலகம், நல்லம்மாள். ஒவ்வொருத்தியும் "இருக்கேன்" என்றாள். தன் பேர் வருமென்று லீலாவதி காத்து நின்றாள்.

மண்டோர் புத்தகத்தை மூடிவிட்டு டார்ச்சை அவள் மேல் அடித்தார். "நீ யாரும்மா?"

"லீலாவதி. பதினாலாம் நெரை மரம்."

"யாரு வீட்டுக்கு விருந்து வந்திருக்க? விருந்துக்கு வந்த எடத்துலயும் வேல கேக்குதா?" என்றாள் ஒருத்தி. வரிசை முழுக்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குத் தூக்கம் கலைந்தது.

"இங்க ஒன் பேரு இல்லம்மா. போயிப் படு," என்றார் மண்டோர்.

"இன்னொரு தடவ சொல்லுங்க மண்டோரு."

"என்னாத்த?"

"பேரு இல்லன்னு."

மண்டோரும் சிரித்துவிட்டார். காடு கேட்கக் கத்தினார். "லீலாவதிக்குப் பேரு இல்ல! போயிப் படு!"

வேன் படியில் இருசப்பன் சாவியோடு உட்கார்ந்திருந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"ராவாங்குக்குத் திருப்பவா?"

"வழிய வுடுங்க. தூக்கம் வருது."

ஏறிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. வெளிச்சம் பரவியபோதுதான் இருசப்பனுக்கு உறைத்தது: இந்த மரத்தடிக்கு மத்தியானம் வரை வெயில் வராது. இஞ்சினைப் போட்டால் விழித்துக்கொள்வாள். பிரேக்கை விடுவித்து, தோளைக் கொடுத்துத் தள்ளினான். செம்மண்ணில் சக்கரம் நகர மறுத்தது. பல்லைக் கடித்துத் தள்ளினான். இருபதடி. ஜன்னல் சேலையை விலக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

வெயில் அவள் காலில் ஏறியது, கழுத்துக்கு வந்தது, முகத்தில் விழுந்தது. தகரம் சூடேறியது.

"என்னாங்க," என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"சொல்லு புள்ள."

"ரொட்டியும் இல்ல ஒண்ணும் இல்ல. நெத்திலி நாறுது."

அந்தப் பக்கம் திரும்பிப் படுத்து மறுபடி தூங்கிப்போனாள்.