எத்தனை வாட் வேண்டும்

சார்ஜர் சுடுகிறதே என்று லிஃப்ட் மெக்கானிக் அதைத் திறந்து பார்த்தான். ஏன் சுடுகிறது என்று தெரிந்துகொண்டான். திரும்ப மூடத்தான் முடியவில்லை. இது காலையில். இப்போது மணி நாலு இருபது. போனில் நான்கு சதவீதம். ஐந்து மணிக்கு அவள் கூப்பிடுவாள்.

அவள் ஐந்தாம் மாடிப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். அந்தக் கட்டடத்து லிஃப்டை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். ஆறு மாதமாக வாரம் ஒருமுறை பார்த்தான். போன வாரம் கிரீஸ் கையோடு மேசை முன்னால் நின்று, என்னைக் கட்டிக்கொள்கிறீர்களா என்று கேட்டேவிட்டான். ஊருக்குப் போய் அம்மாவிடம் பேசிவிட்டு சனிக்கிழமை ஐந்து மணிக்குச் சொல்கிறேன் என்றாள். இன்று சனிக்கிழமை.

புது சார்ஜர் வாங்க அக்காவும் கூட வந்தாள். ஒரு பக்கெட் வாங்க மூன்று கடை ஏறி இறங்கியவனை இந்த வேலைக்குத் தனியாக அனுப்ப அவளுக்கு மனசில்லை. அவளுடைய போன் வீட்டில் மகளிடம் இருந்தது. அதைப் பிடுங்கும் துணிச்சல் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

கடை, சாவி செய்கிறவர் கடைக்குப் பக்கத்தில். இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும். சுவர் முழுக்கச் சார்ஜர்கள் தொங்கின. கல்லாவை ஒட்டி, சோதித்துப் பார்க்க ஒரு கேபிள். ஒரு சாண் நீளம். நீளமாக விட்டால் காணாமல் போகிறது என்றாள் கடைக்காரம்மா.

இருப்பதில் பெரியதைக் கேட்டான். எட்டுப் பேர் ஏறும் லிஃப்டுக்கு நூறு பேரைத் தாங்கும் கயிறு போடுகிறவர்கள் லிஃப்ட்காரர்கள். அளவுக்குச் சரியாக இருக்கும் எதையும் அவன் நம்பியதில்லை. கடைக்காரம்மா அறுபத்தைந்து வாட்டை எடுத்துச் சொருகினாள். போனுக்கு எத்தனை வாட் போகிறது என்று காட்டும் விரலளவு மீட்டர் ஒன்றை நடுவில் மாட்டினாள். மீட்டர் ஒன்பது காட்டியது.

மீட்டர் கெட்டிருக்கும் என்றான் மெக்கானிக்.

அடுத்து, மூன்றில் ஒரு பங்கு விலையில் முப்பத்து மூன்று வாட். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மீட்டர் இருபத்தேழு காட்டியது.

"பெருசு வாங்கிட்டா ஆச்சா தம்பி? உங்க போன் கேக்கற மொழில அது பதில் சொல்லணும். இது சொல்லுது. அது முழிக்குது."

அவனுக்கு மனசு ஒப்பவில்லை. பெரியதை மறுபடி போடச் சொன்னான். ஒன்பது. சின்னதை. இருபத்தேழு. மூன்றாவது ஒன்றைக் காட்டச் சொன்னான். ஒவ்வொரு முறை பிடுங்கும்போதும் விளக்கைப் போட்டுத் துளையைப் பார்த்தான், தூசியை ஊதினான், போனின் தயாரிப்பு விவரத்தை வலையில் தேடிப் படித்தான். ஏறிய சார்ஜைவிட இறங்கியது அதிகம்.

"ஒரு பொண்ணப் பாத்து ஒரே நாள்ல முடிவு பண்ணினவன்தானே நீ? இந்த சார்ஜர் கட்டைக்கு ஏண்டா இத்தனை யோசனை?" என்றாள் அக்கா.

"அவங்க மேல வாட் எழுதலையே அக்கா."

நாலு ஐம்பத்திரண்டுக்குப் போன் அணைந்தது.

கடைக்காரம்மா சின்னதைச் சொருகி, இனி யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். காலி பேட்டரிப் படம் வந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். என்ன கூட்டம் என்று சாவிக்காரர் எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரும் நின்றார். ஐந்து மணிக்குத் திரையில் வெளிச்சம் வந்தது. ரகசிய எண்ணை மெக்கானிக் இரண்டு முறை தப்பாக அழுத்தினான். மூன்றாவது முறை அக்கா அழுத்தினாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நேரமில்லை.

ஐந்து ஆறுக்குப் போன் அடித்தது.

கேபிள் ஒரு சாண். அவன் இடுப்பை வளைத்துக் கல்லாவில் கன்னத்தை வைத்தான். கன்னம் பட்டு ஸ்பீக்கர் வேலை செய்யத் தொடங்கியது.

நாலு தடவை கூப்பிட்டேன், அணைத்துவிட்டு ஓடிவிட்டீர்கள் என்று நினைத்தேன் என்றாள். குரல் கடை முழுக்கக் கேட்டது. அவன் நடந்ததைச் சொன்னான். அம்மா என்ன சொன்னார் என்று கேட்டிருக்கலாம். அறுபத்தைந்து, ஒன்பது, முப்பத்து மூன்று, இருபத்தேழு என்று வரிசையாகச் சொன்னான். அக்கா அவன் முதுகில் கிள்ளினாள். அவன் மீட்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் முழுதும் கேட்டாள்.

"இன்னும் காசு குடுக்கலையே?"

"இல்லங்க."

"அப்ப ரெண்டு போன் போடற மாதிரி ஒண்ணு இருக்கான்னு கேளுங்க."

கடைக்காரம்மாவின் கை சுவருக்குப் போயிற்று. சாவிக்காரர் சிரித்துவிட்டார். மெக்கானிக் மட்டும் யோசித்தான்.

"என்கிட்ட ஒரு போன்தாங்க இருக்கு. அதோட, ரெண்டு போட்டா ரெண்டுக்கும் பாதி பாதிதான் போகும். வேகம் குறைஞ்சுடும்."

"குறையட்டும். எனக்கொண்ணும் அவசரமில்ல."

"இல்லங்க, கணக்குப் பாத்தீங்கன்னா…"

அக்கா அவன் தலையைக் கல்லாவோடு சேர்த்து அழுத்தினாள். "டேய் மரமண்டை. ரெண்டாவது போன் அவளுதுடா."

மெக்கானிக் அப்படியே கிடந்தான். காது மெல்லச் சிவந்தது. அதை மூன்று பேரும் பார்த்தார்கள். நிமிர்ந்தால் கேபிள் கழன்றுவிடும், நிமிரவில்லை. கல்லாக் கண்ணாடிக்குள் இருந்த இயர்போன்களைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

யார் அது பக்கத்தில் என்று கேட்டாள் அவள். அக்கா, கடைக்காரம்மா, சாவிக்காரர் என்றான். போனில் அவளும் சிரிக்கத் தொடங்கினாள், நிறுத்த முடியாமல்.

கடைக்காரம்மா இரண்டு துளை உள்ளதை எடுத்துத் தூசி தட்டினாள். சின்னதைவிட விலை கொஞ்சம்தான் கூட. அவன் போனில் முதலில் சோதித்தாள். கழற்றி மாட்டிய அந்த நொடியில் அவன் மூச்சு விடவில்லை. மீட்டர் இருபத்தாறு காட்டியது. ஒன்று குறைகிறதே என்று மெக்கானிக் சொல்லவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு எந்த மாதிரி கேபிள்?" என்று கேட்டாள் கடைக்காரம்மா.

ஆறு மாதம் அந்த மேசை முன்னால் நின்றிருக்கிறான். அவள் போனை அவன் பார்த்ததே இல்லை. குனிந்தபடியே கேட்டான்.

"உங்க போன் என்ன போனுங்க?"