மாடி பிளக்குக்குப் பூசை

அண்ணாதுரை தம் கல்யாண மண்டபத்துக்கு ஏ.சி. போட்டதே மகள் முத்தமிழின் நிச்சயதார்த்தத்துக்காகத்தான். திருச்சியிலிருந்து வரும் சம்பந்தி வீட்டார் முன் அரியலூர்க்காரரின் மானம் குறையக் கூடாது.

மொட்டை மாடியில் ஏ.சி.யின் வெளி மெஷின் அருகே மூடி போட்ட பிளக் பாயிண்ட் ஒன்றையும் பொருத்தியிருந்தான் மைத்துனன் வீரமணி.

"காக்கா கரண்டு கேட்டுச்சா மாப்ள?"

"ரிப்பேருக்கு வர்றவன் டிரில்லை எதுல சொருகுவான் மாமா? கீழேருந்து ஒயரை இழுத்தா ஆபத்து."

நிச்சயதார்த்தத்தன்று சம்பந்திகள் வந்து அமர்ந்ததும், அண்ணாதுரை சொம்போடு மாடியேறினார். புது மெஷினுக்குப் பூசை போடாமல் விடுவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். பிளக்கை மட்டும் விடுவானேன் என்று அதன் மூடியைத் திறந்து, மாவிலையால் மஞ்சள் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்தார்.

பக்கத்து ஸ்விட்ச் பெட்டியில் 'டப்'பென்று ஏதோ விழுந்தது.

"போச்சு! ஏ.சி. நின்னுபோச்சு!" என்று இரைக்க இரைக்கக் கீழே ஓடிவந்தார்.

மண்டபம் ஜிலுஜிலுவென்றிருந்தது. வீரமணி விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"பிளக்குக்குத் தனி லைன் மாமா. தண்ணி பட்டதும் டிரிப்பர் அதை மட்டும் நிறுத்திடுச்சு. இல்லேன்னா உங்களைத் தூக்கி அடிச்சிருக்கும். நான் பார்க்கிற வரைக்கும் அதைத் தொடாதீங்க."

அதற்குள், துண்டைப் போர்த்திக்கொண்டிருந்த சம்பந்தி பல் தந்தியடிக்கக் கேட்டார்: "கொஞ்சம் குளிரைக் குறைக்கலாமாங்க?"

அண்ணாதுரை மீசையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குறைக்கலாங்க. முதல்ல தட்டை மாத்திக்குவோம்."