கந்தப்பனுக்கு வாசனை போனது

ஐம்பத்தேழாம் வருஷத்துக் காய்ச்சல் இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயங்களில், லயம் லயமாக ஆட்களைப் படுக்கவைத்தது. கந்தப்பனும் பத்து நாள் படுத்தான். எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அடுப்பில் பால் அடிப்பிடித்துக் கருகுகிறது. அவன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருக்கிறான். தண்ணீர்ப் பீலியிலிருந்து குடத்தோடு ஓடிவந்த அவன் மனைவி நாகலெட்சுமி சட்டியைத் துணியால் பிடித்து இறக்கினாள்.

"மூக்கு அடைச்சிருக்கா உங்களுக்கு?"

அடைக்கவில்லை. மூச்சு நன்றாகத்தான் போய்வந்தது. வாசனைதான் இல்லை.

வேறு சமயமாக இருந்தால் கந்தப்பன் இதைப் பெரிதாக எடுத்திருக்கமாட்டான். ஆனால் வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து கொழுந்தைத் தேயிலையாக்கும் பொறுப்பிலிருந்த டீமேக்கர் தம்பிஐயாவிடம் அவன் வேலை பழகப் போக வேண்டும். தோட்டத்துத் தொழிற்சாலையான தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் யந்திரத்தோடு எட்டு வருஷம் மாரடித்தவன் அவன். லயத்திலிருந்து ஒருவனை அந்த வேலைக்குப் பழக்குவது அந்தத் தோட்டத்தில் இதுவரை நடக்காத காரியம். யாழ்ப்பாணத்து மனிதரான தம்பிஐயா தோட்ட நிர்வாகியான தொரையிடம் இரண்டு தடவை பேசித்தான் சம்மதம் வாங்கியிருந்தார்.

அந்த வேலைக்கு மூக்குதான் எல்லாம். அரைத்த கொழுந்தை ஈரமான குளிர்ந்த அறையில் பரப்பிப் புளிக்கவிடுவார்கள். பச்சை வாடை மெல்ல மெல்ல மாறி, பழம் கனிவதுபோல ஒரு வாசனை எழும். அந்த நேரம் பார்த்து அள்ளி, உலர்த்தும் சூட்டுக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் தேத்தண்ணீர் பச்சையாக அடிக்கும். பிந்தினால் அன்றைய கொழுந்து முழுக்கப் பாழ்.

வேலைக்குச் சேருமுன் தன்னிடம் என்ன மிச்சமிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவனால் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திவிட்டு நாகலெட்சுமியைக் கூப்பிட்டான்.

"என் கண்ணக் கட்டு புள்ள. ஒவ்வொண்ணா மூக்குக்கிட்ட கொண்டா. நான் சொல்றேன்."

அவள் சிரித்துக்கொண்டே துண்டால் கட்டினாள். முதலில் மண்ணெண்ணெய். சொல்லிவிட்டான். கருவாடு. கொஞ்சம் தயங்கி, அதையும் சொன்னான். மல்லித்தூளைச் சீரகம் என்றான். சாம்பிராணிக்கு ஒன்றுமே இல்லை என்றான். அவள் சிரிப்பு நின்றுவிட்டதை அவன் காது கவனித்தது.

"இது?"

அவன் இழுத்து மோந்தான். ஏதோ லேசாக, பச்சையாக, வருவதுபோல இருந்தது. "கறிவேப்பில. கசக்கி வச்சிருக்க."

துண்டை அவிழ்த்துப் பார்த்தான். அவள் கை வெறுமையாக இருந்தது.

"ஏன்டி இப்படிச் செஞ்ச?"

"சும்மா பாத்தேங்க. நீங்க மோந்து சொல்றீங்களா, நெனச்சுச் சொல்றீங்களான்னு."

அவனுக்குக் கோபம் வரவில்லை. தெரியாதது ஒரு பக்கம். தெரியாததைத் தெரிந்ததாகத் தன் மூக்கே தன்னிடம் பொய் சொல்கிறதே, அதுதான் பயமாக இருந்தது.

ஆனாலும் விட மனமில்லை. நிறம் இருக்கிறதே, கண்ணை வைத்துச் சமாளிக்கலாமே என்று நினைத்தான். கொழுந்து செப்புக்குடம் போலச் சிவக்கும்போது எடுத்தால் போதாதா? அந்த வாரம் வேலைக்கு நடுவில் புளிப்பறை வாசலில் போய்ப் போய் நின்றான். 'இப்போது' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வான். பிறகு தம்பிஐயா எப்போது அள்ளச் சொல்கிறார் என்று பார்ப்பான். வெயில் நாட்களில் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போயின. கந்தப்பனுக்குச் சாப்பாடு இறங்கத் தொடங்கியது.

வியாழக்கிழமை பனிமூட்டம் ஜன்னல்வரை இறங்கி நின்றது. ஸ்டோரில் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் கொழுந்து பழுப்பா சிவப்பா என்றே தெரியவில்லை. இன்னும் நேரமிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே தம்பிஐயா உள்ளே வேகமாக வந்து கத்தினார்.

"அள்ளுங்கோ, அள்ளுங்கோ! மணம் எழும்பிட்டுது, இனிப் பிந்தக்கூடாது!"

கூடைகள் பறந்தன. கந்தப்பன் சுவரோடு ஒட்டி நின்றான். தான் பொறுப்பில் இருந்திருந்தால் அத்தனை கொழுந்தும், முந்தின நாள் நாகலெட்சுமியும் மற்றப் பெண்களும் மழையில் நனைந்து பறித்தது முழுவதும், அங்கேயே கெட்டிருக்கும்.

மறுநாள் தம்பிஐயாவின் அறைக்குப் போனான்.

"என்ன கந்தப்பன், முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஐயா, காய்ச்சலுக்கப்புறம் எனக்கு வாசன தெரியலீங்க. சரியாப் போயிரும்னு பாத்தேன். போகலீங்க."

தம்பிஐயா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏன் இதை முதலே சொல்லேல்லை? துரையிட்ட உம்மட பேர் போயிட்டுது. நான் இனி என்ன முகத்தோட போய் மாத்திச் சொல்லுறது?"

"பயந்துட்டேங்க."

"எல்லாருக்கும்தான் பயம்" என்று எரிந்து விழுந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "நாளைக்குச் சொல்லுறன். போம்" என்றார்.

மறுநாள் முடிவு வந்தது. புளிப்பறைக்குச் செல்லசாமி போவான். கந்தப்பன் சூட்டு யந்திரத்தில் வேலை பழகலாம். மூக்கு திரும்பினால் அப்புறம் பார்க்கலாம். செல்லசாமி அவனுக்குப் பின்னால் ஸ்டோருக்கு வந்தவன். கந்தப்பன் "சரிங்க ஐயா" என்று மட்டும் சொன்னான்.

வீட்டில் சொன்னபோது நாகலெட்சுமி அழுதாள். "நான்தான் வெறுங்கையக் காட்டி உங்க மனசக் கெடுத்துட்டேன்."

"நீ காட்டாட்டி நான் போய்ச் சேந்திருப்பேன் புள்ள. அப்புறம் தொரை என்னயத் தோட்டத்த விட்டே வெரட்டியிருப்பான்."

ஒன்றாம் தேதி சூட்டு யந்திரத்தின் முன் நின்றபோது முகம் தீய்ந்தது. எந்தத் தட்டை எப்போது இழுப்பது என்பதே பிடிபட ஒரு மாதம் ஆனது. செல்லசாமி புளிப்பறையிலிருந்து தலைநிமிர்ந்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் அது தன் இடமல்லவா என்று தோன்றியது.

அடுத்த மழைக்காலத்தில் வாசனை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. மண் வாசனை வந்தது, சாம்பிராணி வந்தது. பூ வாசனை மட்டும் வரவேயில்லை. ஒருநாள் தம்பிஐயா நின்று கேட்டார்.

"இப்ப எப்படி? மணம் தெரியுதோ?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது.

"பாதிதாங்க வந்திருக்கு."

"அப்ப பொறும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். கந்தப்பன் குனிந்து அடுத்த தட்டை இழுத்தான்.