வனத்து அந்தோணியார் மோட்டார்

இப்போதெல்லாம் யாரும் எதையும் போய்ப் பார்ப்பதில்லை. விரலால் தட்டுகிறார்கள், பொட்டி ஏதோ சொல்கிறது, உடனே "முடிஞ்சிச்சு" என்கிறார்கள். எங்கே முடிந்தது, யார் பார்த்தது என்று கேட்டால் கேட்டவனைத்தான் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்ட மிக்கேல்ராஜுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே வயிறு எரியும்.

இன்றைக்கும் அதைத்தான் கேட்டார். சொன்னவள், மோட்டார் கொட்டகைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த மருமகள் ரோஸ்லின்.

"முடிஞ்சிச்சு மாமா. வனத்து அந்தோணியாரை நிறுத்தியாச்சு. அவரை எறங்கச் சொல்லுங்க."

அவர் என்றால் அவள் புருஷன், மிக்கேல்ராஜின் ஒரே மகன் ஜெனித். வடிகால் கரையில், மோட்டார் குழியின் விளிம்பில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். ஐப்பசி மழை விட்டபாடில்லை. நட்டு வேர் பிடித்த சம்பாப் பயிரின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. இன்னும் ஒரு நாள் இப்படியே கிடந்தால் அழுகிவிடும்.

வயல் தண்ணீரை வடிகாலுக்குத் தள்ள ஊர் கூடி இரண்டு மோட்டார் வாங்கிப் போட்டிருந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துப் பெயர் வைத்தார். மேற்கே இருப்பது வனத்து அந்தோணியார், கிழக்கே இருப்பது பதுவை அந்தோணியார். இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் இணைத்துக் கொடுத்தவன் ரோஸ்லினின் தம்பி ஜெரால்ட். சென்னையில் அந்த வேலைதான் அவனுக்கு. மோட்டாருக்கு ஒரே ஒரு வார்த்தையில் பெயர் கொடுங்கள் என்று அவன் அன்றைக்குக் கெஞ்சினான். கூட்டத்தில் எழுந்து நின்று மறுத்தவர் மிக்கேல்ராஜ்தான். "ஒருத்தர் காட்டுல தவம் பண்ணுனவரு. இன்னொருத்தர் கையில கொழந்தை ஏசுவை வச்சிருக்கவரு. வெறும் அந்தோணியார்னா எந்த அந்தோணியாரு? மந்திரிச்ச பேரை வெட்டுறதுக்கு நீ யாரு தம்பி?" பெயர் முழுதாகவே ஏறியது.

இப்போது மேற்கு மோட்டாரின் வாயில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது. அடைத்ததும் அது தானாக நின்றுவிட்டது. சூடு ஆறியதும் தானாகவே கிளம்பும். அப்படித்தான் அதைச் செய்திருந்தார்கள். அது கிளம்பாமல் கட்டிப்போட்டுவிட்டு ஜெனித் உள்ளே இறங்கிக் கையால் இழுத்துப் போட வேண்டும். அதை நிறுத்தப் போனில் இருந்த பொத்தான் காலையிலிருந்து வேலை செய்யவில்லை. அதனால் கம்ப்யூட்டரிலேயே அடிக்கச் சொல்லி ஜெரால்ட் ஒரு கட்டளை வரி அனுப்பியிருந்தான். ரோஸ்லின் அதை, பெயரைச் சுற்றியிருந்த ஒற்றை மேற்கோள் குறி உட்பட, எழுத்து பிசகாமல் பார்த்து அடித்தாள்.

"அது முன்னாடியே சும்மாதானே கெடந்துது? நிறுத்துனதுக்கு என்னா அடையாளம்?" என்றார் மிக்கேல்ராஜ்.

"முடிந்ததுன்னு போட்டிருக்கு மாமா."

"போட்டிருக்கு. மெயினை எறக்கிடுறேன்," என்று மிக்கேல்ராஜ் வெளியே போனார்.

மெயின் சுவிட்ச் இருந்த இரும்புப் பெட்டி கொட்டகையின் வெளிச்சுவரில் பூட்டிக் கிடந்தது. அதன் முன்னால் குடையோடு நின்றார் துரைராசு. கிழக்கே நிலம் அவருக்கு. பெட்டிச் சாவியும் இந்த மாதம் அவரிடம்தான்.

"அண்ணே, மெயினை எறக்குனா ரெண்டும் நிக்கும். பதுவை ஓடுறதாலதான் என் பயிரு மூச்சு விடுது. அது மேட்டுல இருக்கு, நின்னா கொழாயில காத்தை எடுத்துத் தண்ணி ஏத்தி மறுபடி ஓட்டுறதுக்குள்ள பொழுது போயிடும். கம்ப்யூட்டரு தனியா ஒண்ணை நிறுத்தத்தானே வாங்குனோம்?"

"உம் பயிரு மூச்சு விடணும். எம் மவன்?"

"ஏண்ணே அபசகுனமா பேசுறீங்க. படிச்ச புள்ள எழுதிக் குடுத்தது."

"படிச்ச புள்ள மெட்ராசுல குந்தியிருக்கான். குழியில எறங்குறது அவனா?"

இவர்கள் பேச்சு முடியட்டும் என்று ஜெனித் காத்திருக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது குழியில் மார்பளவு தண்ணீரில் இருந்தான். துண்டு சுற்றிய வலது கை தோள்வரை மோட்டாரின் வாய்க்குள். கொத்துக் கொத்தாகத் தாமரையைப் பிடுங்கி எறிந்தான்.

மிக்கேல்ராஜ் கொட்டகை வாசலில் நின்றபடி மகனையும் பார்த்தார், மருமகளையும் பார்த்தார். ரோஸ்லின் திரையை விட்டு எழுந்திருக்கவில்லை. குனிந்து எதையோ மறுபடி படித்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவர் உள்ளே ஓர் அடி வைத்தார்.

"என்னா?"

அவள் போனில் தம்பியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"டேய் ஜெரால்டு, கடைசி வரியைத்தான்டா பாத்தேன். அதுக்கு மேல ரெண்டு வரி இருக்கு. வனத்துன்னு ஒரு பேரு, தெரியாதுங்குது. அந்தோணியார்னு ஒரு பேரு, அதுவும் தெரியாதுங்குது. அப்புறந்தான் முடிந்ததுங்குது."

"அக்கா, அங்க இருக்கறது விண்டோஸா?"

"பழைய கம்ப்யூட்டர்டா. நீ பாத்ததுதானே?"

"அய்யோ. அது நிக்கலக்கா. மச்சானை மேல ஏறச் சொல்லு."

மிக்கேல்ராஜ் அதற்கு மேல் கேட்கவில்லை. "டேய் ஜெனித்து, ஏறுடா மேல." மழை இரைச்சலும் பதுவை மோட்டாரின் உறுமலும் சேர்ந்து அவர் குரலை விழுங்கின. பெட்டியிடம் பாய்ந்தார். "சாவிய எடு." துரைராசு குடையைப் போட்டுவிட்டு மடியைத் துழாவினார், நனைந்த வேட்டி முடிச்சு அவிழ மறுத்தது. உள்ளே ஜெரால்டின் குரல் போனில் அலறியது. "ஒத்தைக் குறியை எடுத்துடு, ரெட்டைக் குறி போடு. பேருக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு." ரோஸ்லின் மறுபடி அடித்தாள்.

குழியில் மோட்டார் ஒருமுறை இருமியது.

கையில் சுற்றியிருந்த துண்டு விறைத்து உள்ளே போவதை மிக்கேல்ராஜ் பார்த்தார். ஜெனித்தின் தோள் சுவரோடு போய் மோதியது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. தண்ணீர் சுழன்றது. பிறகு சுழல் தளர்ந்து, மோட்டார் முனகி, அடங்கியது.

"நின்னுடுச்சு," என்றாள் ரோஸ்லின். "வனத்து அந்தோணியார் நின்றதுன்னு பேரோட போட்டிருக்கு." சொல்லிவிட்டு மழையில் ஓடினாள்.

ஜெனித்தை மேலே இழுத்துப் போட்டார்கள். துண்டு போயிற்று. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. விரல்கள் எல்லாம் இருந்தன. மிக்கேல்ராஜ் ஒவ்வொன்றையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். அப்புறம்தான் கொட்டகைக்குள் வந்து மேசையில் கிடந்த போனிடம் பேசினார்.

"சொல்லு தம்பி. என்னா நடந்துது?"

"மாமா, பேருக்கு நடுவுல எடம் இருந்தா மிசினு அதை ரெண்டு பேராப் பிரிச்சிடும். பிரிக்காம இருக்கத்தான் குறி போடுறது. என் மிசினுல ஒத்தைக் குறிக்குள்ள எது இருந்தாலும் ஒரே பேரு. அங்க இருக்கறதுக்கு ஒத்தைக் குறி ஒரு கணக்கே இல்ல, ரெட்டைதான். நான் இங்க ஓட்டிப் பாத்துட்டு அனுப்பிட்டேன். தெரியாத பேரு வந்தா முடிஞ்சிச்சுன்னு சொல்லாதன்னு எழுதியிருக்கணும். அதையும் எழுதல. தப்புதான் மாமா."

"அப்ப உன் வூட்டு மிசினுக்கு ஒரு ஆளு. இங்க அதே ஆளு ரெண்டு துண்டு."

"ஆமா மாமா."

"நாளைக்கு வேற ஒரு மிசினு வாங்குனா?"

"அதுக்குத் தகுந்த மாதிரி பாத்து எழுதணும். ஒரே வார்த்தையில பேரு வச்சிருந்தா இந்தத் தொல்லையே இல்ல. அன்னைக்கே கேட்டேன்."

"பேரு மேல பழியப் போடாத," என்றார் மிக்கேல்ராஜ்.

வெளியே ஜெனித் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி குழிப் பக்கம் போனான். "இன்னும் பாதி கெடக்குப்பா. இப்பதான் சரியா நிறுத்தியாச்சுல்ல."

"ஆமாண்ணே," என்றார் துரைராசு. சாவி இப்போது அவர் கையில் இருந்தது. "இந்தத் தடவை பேரோட சொல்லிடுச்சு. நானே பாத்தேன்."

மிக்கேல்ராஜ் அவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினார். பெட்டியைத் திறந்து மெயினை இறக்கினார். பதுவை அந்தோணியார் மூச்சு இழுத்து நின்றார். கம்ப்யூட்டரும் அணைந்தது. யார் மெயினை ஏற்றினாலும் கரண்டு பாயாதபடி மூன்று பீஸ்கட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

"அண்ணே, எம் பயிரு."

"அவன் வேலைய முடிச்சிட்டு வூட்டுக்கு வந்து ரெண்டு கையையும் எங்கிட்டக் காட்டட்டும். குடுக்கறேன்."

"அதான் நின்னுடுச்சுங்கறேன்ல மாமா," என்றாள் ரோஸ்லின்.

"முன்னாடியும் அதைத்தான் சொன்னே."

வழுக்கும் வரப்பில் காலை ஊன்றி ஊன்றி அவர் வீட்டைப் பார்த்து நடந்தார். பின்னால் துரைராசு ஏதோ கத்திக்கொண்டே வந்தார். மிக்கேல்ராஜ் திரும்பவில்லை. மடியிலிருந்த பீஸ்கட்டைகளை மட்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.