நேசபாயின் அசனத்துக்குப் போன தண்டவாள சைக்கிள்

1.

இது முதலில் கதை இல்லை, விளக்கக் கடிதம். எங்கள் திருச்சபைக்குச் சொந்தமான நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலியின் கால்களை நான் ஏன் அறுத்தேன் என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரும்படி சபைச் செயலர் ஜெஃப்ரின் கேட்டிருந்தார். எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியிலேயே கடிதத்துக்குள் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாவது பத்தியில் ஒரு தாராக் கூட்டம் (எங்கள் ஊரில் வாத்துக்குத் தாரா) நீந்திப் போனது. விளக்கக் கடிதத்தில் தாராவுக்கு இடமில்லை. ஆகவே 'மதிப்பிற்குரிய ஐயா' என்பதை அடித்துவிட்டு இதைக் கதையாக்கிவிட்டேன். நாற்காலி என் கைக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லக் கதையில் இடம் போதவில்லை.

ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. நாஞ்சில் நாட்டில் இரண்டு குளங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதுவே அதிகம். ரயில்வே துறையினர் வாசித்தால், இது முழுக்கக் கற்பனை. மற்றவர்கள் வாசித்தால், நடந்தது.

2.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"இடி இடித்தது. மின்னல் வெட்டியது. கும்மிருட்டில் தண்டவாளத்தின் மேல் ஓர் உருவம் ——" (நடந்தது பட்டப்பகலில். விட்டுவிட்டேன்.)

"முதன்முதலில் சக்கரத்தைச் செய்தவனிடம் அவன் பெண்டாட்டி என்ன கேட்டிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். நிச்சயமாக அவள் ——" (என் மனைவி நேசபாய் என் முதுகுக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். இதையும் விட்டுவிட்டேன்.)

"இரட்டைப் பாதை போட்டபோது வளைவை நேராக்கினார்கள். எங்கள் ஊர் வழியாக வளைந்து போன பழைய பாதை அனாதையாயிற்று." (இது பரவாயில்லை. இப்படியே போவோம்.)

தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போக ஏலம் எடுத்தவர் வரவே இல்லை. வயலுக்கு நடுவே ஓர் உயர்ந்த மேடு, அதன்மேல் துருப்பிடித்த இரண்டு கோடுகள், அக்கரை ஊர் வரைக்கும். ஒரு மனிதனுக்கு ஓய்வூதியமும் சும்மா கிடக்கிற தண்டவாளமும் ஒரே காலத்தில் கிடைத்தால் அவன் என்ன செய்வான்? நான் சைக்கிள் செய்தேன்.

3.

சைக்கிளைத் தண்டவாளத்தின் மேல் நிறுத்தினால் விழும். இதைப் பலமுறை விழுந்து உறுதிப்படுத்திக்கொண்டேன். எனவே முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், தண்டவாளத்தின் தலையை இருபுறமும் கவ்விப் பிடிக்கும்படி பேரிங்குகளை வைத்தேன். சைக்கிளின் நடுவிலிருந்து ஒரு இரும்புக் குழாய்க் கை நீண்டு அடுத்த தண்டவாளத்துக்குப் போகும். அதன் நுனியில், வீட்டு வாசலில் தள்ளித் திறக்கிற கேட்டின் சக்கரம் ஒன்று. எல்லாம் வடசேரியில் பழைய இரும்புக்கு வாங்கியது. அந்தக் கையின்மேல் பாரம் இல்லாவிட்டால் அது வானத்தைப் பார்த்து எழும்பும், நான் வயலைப் பார்த்து விழுவேன். பாரத்துக்கு ஓர் ஆள் உட்கார வேண்டும். ஆள் உட்கார, குழாயில் பொருந்தும்படி கால் இல்லாத ஒரு நாற்காலி வேண்டும். (ஜெஃப்ரின், விளக்கம் இவ்வளவுதான். கடிதமாக வேண்டுமென்றால் இங்கேயே கிழித்துக்கொள்ளும்.)

ஹேண்டிலை அசையாமல் வெல்டு வைத்துவிட்டேன்.

"தேவகுமார் அண்ணாச்சி, போனா திரும்பி எப்பிடி வருவிய?" என்று கேட்டார் ஜெஃப்ரின்.

"தூக்கித் திருப்பி வைப்பேன்."

"யாரு தூக்குவா?"

"போற எடத்தில மனுசன் இருப்பான்லா."

வண்டி தயார். ஆனால் ஓடவில்லை. காரணம் இரும்பு அல்ல, நேசபாய். எங்கள் வீட்டுக்கு எந்த வண்டி வந்தாலும் போதகர் வந்து கைவைத்து ஜெபித்த பிறகே அதில் ஏறுவோம். ஸ்கூட்டருக்கு ஜெபம் நடந்தது. துபாயிலிருந்து மகன் அனுப்பிய துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் நடந்தது, அது எங்கும் போகாது என்றாலும். தண்டவாள சைக்கிளுக்கு மட்டும் எங்கள் போதகர் ஆன்ஸ்லின் பிடிகொடுக்கவில்லை. "ரயில்வேக்காரன் பிடிச்சா என்னையும்லா சேத்துப் பிடிப்பான்" என்று வாரா வாரம் தள்ளிப்போட்டார்.

"ஜெபம் பண்ணாத வண்டியில இந்த வீட்டு ஆளு ஒருத்தரும் ஏறப்பிடாது" என்றாள் நேசபாய். வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது.

4.

இங்கே கதை என் கையை விட்டு அவள் கைக்குப் போகிறது. நான் தடுத்துப் பார்த்தேன்.

எங்கள் சபையில் ஆண்டுக்கு ஒருமுறை அசனம். ஊரே சேர்ந்து சமைத்து, ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. சோற்றை வடித்து ஓலைப்பாயில் மலையாகக் குவிப்பார்கள். அந்த மலைக்கு முன்னால் போதகர் நின்று ஜெபித்த பிறகுதான் முதல் இலையில் சோறு விழும். அதுவரை பச்சைப் பிள்ளைக்குக்கூட ஒரு பருக்கை கிடையாது. சபை தொடங்கிய காலத்திலிருந்து அசனத்தை நடத்தியது ஆண்கள். பெண்கள் வெங்காயம் உரிப்பார்கள். இந்த ஆண்டு கூட்டத்தில் நேசபாய் எழுந்து, "போன வருசம் கறியில உப்பு எங்க போச்சு?" என்று கேட்டாள். "அப்பம் இந்த வருசம் நான் நடத்துகேன்" என்றாள். நடத்தட்டும் என்று விட்டார்கள். தோற்றால் பிறகு ஒரு பெண்ணும் வாயைத் திறக்க மாட்டாள் என்ற நல்ல எண்ணத்தில்தான்.

அசனத்தன்று காலையில் சோறு மலையாக நின்றது. பெரிய வார்ப்பு அண்டாக்களில் ஆட்டுக்கறி கொதித்து இறங்கியது. உப்பு இருந்தது. அப்போதுதான் மழையில் குளம் உடைந்தது.

சாலை முழுக்க வெள்ளம். போதகர், அதே சேகரத்தில் அவரே பார்த்துக்கொள்கிற இன்னொரு சபையான அக்கரை ஊர்ச் சபையில் காலை ஆராதனை முடித்துவிட்டு அங்கேயே மாட்டிக்கொண்டார். சனம் இலை போட்டு உட்கார்ந்திருந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. 

"பொம்பளையாளு கையில குடுத்தா இப்பிடித்தான்" என்றார் ஜெஃப்ரின். "மழையப் பாத்து நாள் குறிக்கத் தெரியாண்டாமா?"

"மழையையும் நானாக்கும் பெய்ய வச்சேன்?" என்றாள் நேசபாய். குரல் வழக்கம்போல இருந்தது. கையிலிருந்த அகப்பை மட்டும் ஆடியது. அதை நான் பார்த்தேன். (அவள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "காத்தடிச்சுது" என்கிறாள்.)

* வாசகர் இப்போது, ஏன் செல்போனில் ஜெபிக்கக் கூடாது என்று கேட்பார். போதகரும் அதையேதான் கேட்டார். கொரோனாக் காலத்தில் நேரலையில் ஆராதனை நடந்தபோது, ஜெபத்தின் நடுவே நகைக் கடன் விளம்பரம் ஒன்று நுழைந்துவிட்டது. கண்ணை மூடியிருந்த சபை பழக்கத்தில் அதற்கும் ஆமென் சொல்லிவிட்டது. அன்று போட்ட தீர்மானம் இன்றும் செல்லும். போனில் ஆசீர்வாதம் கிடையாது.

* படகு? கடற்கரையில் முட்டத்தில் வேண்டிய மட்டும் உண்டு. எங்களுக்கும் முட்டத்துக்கும் நடுவில்தான் வெள்ளம்.

5.

வெள்ளத்துக்கு மேலே தலைதூக்கி நின்றது பழைய ரயில் மேடு ஒன்றுதான். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் சபை என்னை அப்படிப் பார்த்தது கிடையாது.

இப்போது சிக்கலைக் கவனியுங்கள். போதகர் ஜெபிக்காமல் வண்டி ஓடாது. வண்டி ஓடாமல் போதகர் வரமாட்டார். எழுத்தாளன் என்ற முறையில் இதை அவிழ்க்க வழி தெரியாமல் நான் பேனாவைக் கீழே வைத்த இடம் இது. நேசபாய் அகப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு தார்ப்பாயை உருவினாள். சைக்கிள் சீட்டில் கைவைத்தாள். கண்ணை மூடவில்லை.

"ஆண்டவரே, இவரு செஞ்ச வண்டி. ஒமக்கே தெரியும். பாத்துக்கிடும். ஆமென்."

"இதுக்கு நீங்களே ஜெபிக்கலாம்னா சோத்துக்கும் ஜெபிச்சிற வேண்டியதுதானே, மைனி?" என்றார் ஜெஃப்ரின்.

"சைக்கிள் எங்க வீட்டுச் சாமான். சோறு சபைக்குள்ளதாக்கும்."

இந்த ஜெஃப்ரினைப் பற்றி ஒரு சந்தேகம். கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டும் என்றுதான் இவரைக் கொண்டுவந்தேன். மூக்குக்கு மேல் மருவெல்லாம் வைத்திருந்தேன். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டதும் மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரும்புக் கையைத் தோளில் தூக்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் மேடு வரைக்கும் வந்துவிட்டார். மருவை எடுத்துவிட்டேன்.

"நாற்காலில பாரத்துக்கு ஒரு அரிசி மூட்டைய வைக்கலாம்" என்றேன்.

"அரிசி மூட்டையா பாஸ்டர சம்மதிக்க வைக்கும்?" என்று சொல்லி நேசபாய் ஏறி உட்கார்ந்தாள். குடையை விரித்தாள்.

6.

சவாரி.

நான் மிதித்த வேகத்தில் மழைத்துளிகள் எங்களுக்குப் பின்னால்தான் விழுந்தன. வெள்ளத்தில் ஒரு தாராக் கூட்டம் எங்களோடு போட்டி போட்டது. கொஞ்ச தூரத்தில் மூச்சு வாங்கி, தோற்று ——

(நேசபாய்: "தாரா நம்மளத் தாண்டிப் போச்சு. ஒண்ணு திரும்பிப் பாக்கவும் செஞ்சுது.")

தாராக்கள் எங்களைத் தாண்டிப் போயின. ஆனால் அவற்றுக்கு எங்களைப்போல ஏற்றம் மிதிக்க வேண்டியதில்லை.

தண்டவாளத்தில் ஒரு தண்ணீர்ப் பாம்பு வெயிலுக்குக் காத்துக் கிடந்தது. நான் மணி அடித்தேன். அது மரியாதையாக வால் மடக்கி வழிவிட்டது. (இதற்கு நேசபாய் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே உண்மை.)

பாதி வழியில் மேடு அறுந்திருந்தது. மண்ணை வெள்ளம் தின்றுவிட்டது. தண்டவாளங்கள் மட்டும் கட்டைகளைச் சுமந்தபடி, துணி காயப்போடுகிற கொடிபோலக் காற்றில் தொங்கின. அடியில் செந்நீர் சுழித்து ஓடியது. இந்த வரியில் நான் பொய் சொல்லவில்லை.

"நிப்பாட்டப் போறேன்!"

"நிப்பாட்டினா எறங்கி எங்க நிப்பிய? மிதிங்க!"

மிதித்தேன். தண்டவாளம் தொட்டில்போல ஆடியது. அவள் பக்கத்துச் சக்கரம் ஒரு கை உயரம் எழும்பியது. அவள் குடையைத் தூக்கி எறிந்துவிட்டு, உடம்பை முழுக்க வெளியே சாய்த்து, அதைத் திரும்பத் தண்டவாளத்தில் அமர்த்தினாள். சடக்கென்று ஒரு சத்தம். அக்கரை மண் எங்கள் அடியில் வந்தது. நான் கூவினேன். அவளும் கூவினாள். கல்யாணமான நாள் முதல் அவள் கூவி நான் கேட்டதில்லை. கொஞ்சம் கரகரப்பான, நல்ல கூவல்.

7.

போதகர் ஆன்ஸ்லின் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இதையா நான் ஜெபிக்காம விட்டேன்?" என்றார். பிறகு மெதுவாக, "தாங்குமா?"

"எங்கள தாங்கிச்சுல்லா. சோறு ஆறுது, பாஸ்டர்" என்றாள் நேசபாய்.

அங்கிருந்த ஆட்கள் தூக்கித் திருப்பி வைத்தார்கள். நான் சீட்டில் ஏறினேன். போதகர் நாற்காலியில் உட்காரப் போனார். அப்போதுதான் எல்லோரும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தோம். நாற்காலி ஒன்று. நேசபாய் நின்றுகொண்டிருந்தாள்.

வெள்ளம் வடியும்வரை இங்கே இரு என்று அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். இந்த நாளுக்காக மசாலா இடித்தவள். உப்புப் போட்டவள். அவள் இல்லாமல் அந்த முதல் இலையில் சோறு விழுந்தால் அசனம் நடக்கும், ஆனால் அது ஜெஃப்ரின் நடத்திய அசனமாகிவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

போதகர் தொண்டையைக் கனைத்தார். "நான் படிக்கிற காலத்தில வீடு வீடா பேப்பர் போட்டவனாக்கும். மிதிக்கது எனக்குப் பழக்கம்."

நேசபாய் என்னைப் பார்த்தாள். "எறங்குங்க" என்றாள்.

"ஏட்டி, வண்டி செஞ்சவன் நானாக்கும்!"

"அதுக்காக நீங்களே ஓட்டணுமா?"

(இந்த இடத்தில் பல வழிகளில் தப்பிக்கப் பார்த்தேன். நாற்காலியில் இருவர் உட்காருவதாக எழுதினேன், குழாய் வளைந்தது. போதகரைப் பின்னால் கேரியரில் வைத்து எழுதினேன், கேரியர் வைக்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. தாராக்கள் என்னை இழுத்துப் போவதாக எழுதி, வெட்கப்பட்டுக் கிழித்தேன்.)

இறங்கினேன். போதகர் வெள்ளை அங்கியைச் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினார். நேசபாய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த வண்டி எனக்கு ஓடியதைவிட நன்றாக ஓடியது. எனக்கு வருத்தம்தான். அறுந்த இடத்துக்கு முன்னால் ஒரு கணம் தயங்கியது. அகப்பை ஒன்று உயர்ந்து, முன்னால் நீண்டது தெரிந்தது. வண்டி பாய்ந்தது. தென்னந்தோப்பு மறைத்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. இந்தக் கதையை எழுதுகிறவன் அக்கரையில், வெறும் வயிற்றோடு, மழையில் நின்றுகொண்டிருந்தான். நெடுநேரம் ஒன்றும் இல்லை. பைபிளில் நான் அறிந்த எல்லாச் சங்கீதங்களையும் சொல்லி முடித்து, அறியாதவற்றைத் தொடங்கியிருந்தேன்.

மணி அடித்தது. எங்கள் கோயில் மணி. முதல் இலையில் சோறு விழுந்தால் மட்டும் அன்று அடிக்கிற மணி, வெள்ளம் முழுக்க உருண்டு வந்தது. நான் சேற்றில் குதித்தேன். அக்கரை ஆட்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பிடித்துக்கொண்டார்கள்.

8.

மறுநாள் தண்ணீர் வடிந்து வீட்டுக்கு வந்தேன். வார்ப்புகளைக் கழுவி முற்றத்தில் கவிழ்த்திருந்தாள். எனக்கு ஒரு வாய் கறிகூட மிச்சம் இல்லை. "எல்லாம் தீந்துபோச்சு" என்றாள். அந்த வாக்கியத்தை இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் சொல்லி நான் கேட்டது கிடையாது. 

வண்டி ஊருக்குள் வந்து சேர்ந்த காட்சியைக் கேட்டு அலைந்தேன். போதகர் கண்ணை மூடிக்கொண்டே மிதித்து வந்தார் என்கிறது பாடகர் குழு. பெண்கள் எல்லோரும் இலையை விட்டு எழுந்து மேட்டுக்கு ஓடினார்கள் என்கிறார்கள் பெண்கள். யாரும் எழவில்லை, பசியில் எழும்ப முடியவில்லை என்கிறார்கள் ஆண்கள். ஜெஃப்ரின், "நாற்காலி விளக்கம் எங்கே?" என்று மட்டும் கேட்டுவிட்டு, போகிற போக்கில், "அடுத்த வருசமும் மைனியே நடத்தட்டும்" என்றார். நேசபாயிடம் கேட்டேன். "வந்தோம், தின்னோம், கழுவினோம்" என்றாள்.

ஆகவே அந்தக் காட்சியை நான் எழுதவில்லை. உங்களுக்கு விட்டிருக்கிறேன்:

.................................................................

.................................................................

மழையை நிறுத்துங்கள், வானவில் வேண்டுமானால் போடுங்கள். தாராக்களை வரிசையில் நிற்க வைத்தாலும் எனக்குச் சம்மதம். என்னைக் கூட்டத்தில் எங்காவது சொருகினால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் கவனம். அத்தனை சனமும் பார்த்துக்கொண்டு நிற்க, நேசபாய் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை அவசரப்பட்டு இறக்கிவிடாதீர்கள்.